கேளுங்க அண்ணே: கிளைவ் ஸ்திரீட்டில் குன்று எங்கே?

கேள்வி: அண்ணே, ஞாயிற்றுக்கிழமை கேம்பல் லேனில் பூ வாங்கிக்கொண்டு கிளைவ் ஸ்திரீட் பக்கம் திரும்பினோம். பலகையைப் பார்த்த என் மகள், “கிளைவ்னா என்னம்மா அர்த்தம்?” என்றாள். கிழக்கிந்தியக் கம்பெனித் தளபதி ராபர்ட் கிளைவ் கதையைச் சொன்னேன். “அவருக்கு அந்தப் பேர் எப்படி வந்துச்சு?” என்று விடவில்லை. அவள் வகுப்பில் ஒரு பையனின் குடும்பப் பெயர் கிளிஃபர்ட். அது சுத்தமான ஆங்கிலோ-சாக்சன் பெயர் என்று அவன் பெருமை பேசுகிறானாம். அது உண்மையா?
– ஒரு வாசகி, தோ பாயோ

பதில்: கிளைவ் என்றால் குன்றின் சரிவு, தங்கச்சி. வேறு மர்மம் இல்லை.

பழைய ஆங்கிலத்தில் ‘கிளிஃப்’ என்றால் செங்குத்தான பாறை, மேட்டுச் சரிவு, ஆற்றின் உயர்ந்த கரை. ‘குன்றடியில் இருப்பவர்’ என்று சொல்லும்போது அந்தச் சொல்லுக்கு வேற்றுமை உருபு சேர்ந்து ‘கிளிஃபெ’ ஆகும். நம் ‘குன்றம்’ உருபு ஏற்கும்போது ‘குன்றத்து’ ஆகி, சேக்கிழார் பிறந்த ஊர் குன்றத்தூர் ஆனதே, அதே கதைதான். இரண்டு உயிரெழுத்துக்கு நடுவில் மாட்டிக்கொண்ட ‘ஃப்’ மெலிந்து ‘வ்’ ஆகிவிடும். ‘பக்கம்’ என்பதில் அழுத்திச் சொல்லும் ‘க’வை ‘பகல்’ என்பதில் மெலிதாகச் சொல்கிறோம் இல்லையா? ஆங்கிலத்தில் நைஃப் பலவாகும்போது நைவ்ஸ் ஆவதும் இந்தப் பழக்கத்தின் மிச்சம். இப்படித்தான் ஒரே சொல்லிலிருந்து கிளிஃப், கிளைவ், கிளீவ் என்று குடும்பப் பெயர்கள் கிளைத்தன. ராட்கிளிஃப் சிவப்புக் குன்று. சட்கிளிஃப் தெற்குக் குன்று. ஷ்ரோப்ஷரிலும் செஷரிலும் இன்றைக்கும் கிளைவ் என்ற பெயரில் ஊர்கள் உண்டு. நம் ராபர்ட் கிளைவ் 1725-இல் பிறந்தது ஷ்ரோப்ஷரில்தான்.

அவர் சிங்கப்பூரைக் கண்ணால் பார்த்ததில்லை. ராஃபிள்ஸ் இங்கே வந்து இறங்குவதற்கு 45 வருஷம் முன்பே, 1774-இல் போய்ச் சேர்ந்துவிட்டார். ஆற்காட்டுக் கோட்டையை 1751-இல் பிடித்துக் காத்த பெயர்தான் கடல் தாண்டி வந்து நம் தேக்காவில், அதாவது லிட்டில் இந்தியாவில், பலகையாக நிற்கிறது. அந்தத் தெருவில் ஒரு சின்ன மேடுகூடக் கிடையாது. சைக்கிள் மிதித்துத் தபால் கொடுத்தவன் சொல்கிறேன், நம்புங்கள்.

அந்தக் காலத்தில் ஊரிலிருந்து வந்த ஒரு நீல ஏர்மெயில் இன்னும் நினைவில் இருக்கிறது. மேலே யாரோ எழுதிக்கொடுத்த ஆங்கில முகவரி. கீழே கோணல்மாணலான தமிழில் ‘களவு ஸ்திரீட், சிங்கப்பூர்’. சரித்திரம் படித்தவர் எழுதியதா, கை தவறியதா, எனக்குத் தெரியாது. கடிதம் சரியான வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது.

சரி, கிளிஃபர்ட் பையனுக்கு வருவோம். ‘ஃபோர்ட்’ என்றால் ஆற்றை நடந்து கடக்கும் துறை. கிளிஃபர்ட் என்றால் குன்றோரத்துத் துறை. ஹெரிஃபர்ட்ஷரில் வை ஆற்றங்கரையில் அந்தப் பெயரில் ஓர் ஊரும் இடிந்த கோட்டையும் இருக்கின்றன. சொல் சாக்சன்காரர்கள் பேசிய பழைய ஆங்கிலம்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்தக் கோட்டையைக் கட்டியவர்கள் 1066-க்குப் பிறகு பிரான்சிலிருந்து வந்த நார்மன்காரர்கள். அங்கே குடியேறிய ஒரு நார்மன் குடும்பம், 12-ஆம் நூற்றாண்டில் அந்த ஊர்ப் பெயரையே தன் பெயராக்கிக்கொண்டது. பேர் உள்ளூர், ஆள் வெளியூர்! சொல்லப்போனால் சாக்சன்காரர்களுக்குப் பரம்பரைக் குடும்பப் பெயரே கிடையாது. ஒற்றைப் பெயர்தான், தேவைப்பட்டால் ஒரு பட்டப்பெயர். குடும்பப் பெயர் பிள்ளைக்கு இறங்கும் வழக்கம் நார்மன்காரர்களோடு வேரூன்றி, 1400 வாக்கில்தான் இங்கிலாந்தில் பெரும்பாலோருக்கு வந்தது. பையனிடம் இதை மெதுவாகச் சொல்லச் சொல்லுங்கள், நட்பு முக்கியம்.

அப்படியே மகளை மரீனா பக்கம் கூட்டிப்போய் கிளிஃபர்ட் பியர் என்ற பழைய படகுத்துறையையும் காட்டுங்கள். ஆளுநர் ஹியூ கிளிஃபர்டின் பெயரில் 1933-இல் திறந்தது. கிளைவும் கிளிஃபர்டும் ஒரே குன்றின் பிள்ளைகள் என்று அவளுக்குப் புரிந்துவிடும். கிளிஃபர்ட் பியராவது தண்ணீரோரமாக இருக்கிறது, பாதிப் பொருத்தம்.

கேள்வி: வெள்ளைக்காரர்களுக்கு மாறாத குடும்பப் பெயர் இருக்கிறது. நமக்குத் தலைமுறைக்கு ஒரு பெயர். இது ஒரு குறையா ஐயா?
– ஒரு வாசகர், ஈசூன்

பதில்: மாறாது என்று யார் சொன்னது? ராபர்ட் கிளைவின் மகன் எட்வர்ட் கிளைவ் 1798 முதல் 1803 வரை சென்னையில் ஆளுநர். 1799-இல் கட்டபொம்மனைக் கயத்தாற்றில் தூக்கிலிட்டபோது சென்னைக் கோட்டையில் உட்கார்ந்திருந்தவர் அவர்தான். அவருடைய மூத்த மகன் 1807-இல் ‘கிளைவ்’ என்ற பெயரைக் கழற்றி வைத்துவிட்டு ‘ஹெர்பர்ட்’ ஆனார். காரணம்? தாய்மாமனின் சொத்து. ஆற்காட்டு வீரரின் பெயர் மூன்றாவது தலைமுறையில் சொத்துக்காகப் போயிற்று.

நம்மிடமும் தலைமுறை தாண்டிய பெயர் இல்லாமல் இல்லை. எழுபதுகளில் செட்டியார்கள் வட்டித்தொழில் நடத்திய மார்க்கெட் ஸ்திரீட் கிட்டங்கிகளுக்குத் தபால் கொண்டுபோனால், அவர்களின் ‘விலாசம்’ என்ற முன்னெழுத்துகளை வைத்துத்தான் பிரிப்போம். தாத்தா, அப்பா பெயர்களின் முதலெழுத்துகள் வரிசையாக நிற்கும். ஓர் எழுத்து மாறினால் வேறு பெட்டகம், வேறு மேசை.

குறை எனக்குப் படுவது ஒன்றுதான். என் அடையாள அட்டையில் என் பெயர், அப்புறம் ‘த/பெ’, அப்புறம் அப்பா பெயர். ஒரு நிறுவனம், பெயர் வேண்டாம், கடைசிச் சொல்லைக் குடும்பப் பெயராக எடுத்துக்கொண்டு பத்து வருஷமாக எனக்கு அப்பா பெயரிலேயே கடிதம் போடுகிறது. அவர் காலமாகி முப்பது வருஷம் ஆகிறது. “மதிப்பிற்குரிய திரு. கோவிந்தசாமி, உங்கள் பாலிசி…” முதல் இரண்டு முறை போன் செய்து திருத்தச் சொன்னேன். இப்போது சொல்வதில்லை. அப்பாவுக்குத் தபால் வருகிறதே என்று வாங்கி வைத்துக்கொள்கிறேன்.

கேள்வி: எங்கள் அலுவலகத்தில் ஒருவருக்கு முதல் பெயரே கிளைவ். அவரும் அந்தக் குடும்பமா?
– ஒரு வாசகி, உட்லண்ட்ஸ்

பதில்: அப்படி இருக்க வேண்டியதில்லை அம்மா. ராபர்ட் கிளைவின் புகழ் பரவிய பிறகு அந்தக் குடும்பப் பெயரைப் பிள்ளைகளுக்கு முதல் பெயராக வைக்கத் தொடங்கினார்கள், இந்தியாவோடு தொடர்புள்ள வீடுகளில் அதிகம். நம் ஊரில் ‘நேரு’, ‘போஸ்’ என்று பிள்ளைக்குப் பெயர் வைப்பதில்லையா?