கோளா, கோளாறா?

வணக்கம் அம்மா.

பள்ளி இறுதியாண்டில் இருக்கும் மகள் புறக்கோள் (சூரியனை அல்லாமல் வேறு நட்சத்திரத்தைச் சுற்றும் கோள்) ஆராய்ச்சிதான் செய்வேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். அவள் அப்பா கணினிப் பொறியியலைத் தவிர வேறு பேச்சே கூடாது என்கிறார். நடுவில் மாட்டிக்கொண்டு முழிக்கிறேன் என்று எழுதியிருந்தீர்கள். 'இதைப் படித்தால் சோறு போடுமா' என்பது உங்கள் கேள்வி. அதற்கு வருகிறேன். ஆனால் அவள் ஆசைப்படுவது எந்த மாதிரி வேலைக்கு என்று முதலில் வீட்டில் எல்லோருக்கும் தெரியட்டும்.

செய்திகளில் வரும் நீலக் கோள், இரட்டைச் சூரியன் மறையும் காட்சி எல்லாம் ஓவியர் வரைந்தவை. நேரடியாகப் படமெடுக்கப்பட்ட புறக்கோள்கள் சொற்பம். மற்றவை எண்களில் இருந்து ஊகித்தவை. கோள் தன் நட்சத்திரத்தின் குறுக்கே போகும்போது வெளிச்சம் கொஞ்சம் குறையும். வியாழன் அளவுள்ள கோள் சூரியன் போன்ற நட்சத்திரத்தைக் கடந்தால் நூற்றில் ஒரு பங்கு மங்கும். பூமி அளவு என்றால் பத்தாயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. இன்னொரு வழி, கோள் இழுக்கும் இழுப்பில் நட்சத்திரம் தள்ளாடுவதை அதன் நிறமாலையில், அதாவது நிறம் நிறமாகப் பிரித்த அதன் ஒளியில், அளப்பது. நம் பூமி சூரியனை ஆட்டும் வேகம் நொடிக்கு சுமார் 9 செ.மீ. தவழும் குழந்தைகூட அதைவிட வேகமாகப் போகும்.

இவ்வளவு நுணுக்கமான இடத்தில் தினமும் வரும் கேள்வி ஒன்றுதான்: தெரிவது கோளா, கோளாறா? 1995இல் 51 பெகாசி என்ற நட்சத்திரத்தில், வியாழனில் பாதி எடையுள்ள ஒன்று நான்கே நாளில் சுற்றிவருவதாகத் தெரிந்தது. பார்த்தவர் டிடியே கெலோ, அப்போது முனைவர் பட்ட மாணவர். தன் மென்பொருளில்தான் பிழை என்று முதலில் பயந்தாராம். மாதக்கணக்கில் சரிபார்த்த பிறகே அவரும் வழிகாட்டி மிஷேல் மயோரும் அறிவித்தார்கள். 2019இல் நோபல் பரிசு கிடைத்தது. எதிர்ப்பக்கமும் உண்டு. பீட்டர் வான் டி காம்ப் என்ற வானியலாளர் 1963இல் பர்னார்ட் நட்சத்திரத்துக்குக் கோள் இருப்பதாக அறிவித்தார். பத்தாண்டு கழித்துப் பார்த்தால், அவருடைய தொலைநோக்கியின் வில்லையைக் கழற்றிச் சரிசெய்த சமயங்களில்தான் அந்த 'ஆட்டம்' வந்திருக்கிறது. (அதே நட்சத்திரத்தில் 2024இல் நிஜமாகவே ஒரு குட்டிக் கோள் அகப்பட்டது. அது வேறு கதை.)

இந்தச் சந்தேகப் புத்தி உங்கள் மகளுக்குச் சலிக்குமா, பிடிக்குமா? அதைக் கல்லூரியில் சேர்ந்த பிறகு கண்டுபிடிக்க வேண்டியதில்லை. இப்போதே ஒரு மாதம் செய்து பார்க்கலாம், செலவும் இல்லை. நட்சத்திரங்களின் வெளிச்சத்தை அளந்து புறக்கோள் தேடும் நாசாவின் டெஸ் விண்கலத் தரவுகளை யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். பைத்தான் என்ற நிரல்மொழியில் லைட்கர்வ் என்ற இலவச நிரல் தொகுப்பு அவற்றைத் திறந்து காட்டும். முதலில் வாஸ்ப்-18 நட்சத்திரத்தை எடுக்கட்டும். அதன் கோள் ஒரு நாளுக்குள் ஒரு சுற்றை முடித்துவிடும். கோள் குறுக்கே போகும் ஒவ்வொரு தடவையும் வெளிச்சம் குறைவதால் வரைபடத்தில் சீப்புப் பல் மாதிரி பள்ளங்கள் விழும். பார்த்ததும் குதிப்பாள், குதிக்கட்டும்.

அப்புறம் தெரியாத நட்சத்திரங்களுக்குப் போகட்டும். அங்கே ஒரு பள்ளம் கண்டால், ஒன்றுவிட்டு ஒன்றாகப் பள்ளங்களின் ஆழத்தை ஒப்பிடச் சொல்லுங்கள். ஒன்று ஆழம், அடுத்தது மேலோட்டம் என்று மாறிமாறி வந்தால் அது கோளே இல்லை. ஒன்றையொன்று மறைக்கும் இரண்டு நட்சத்திரங்கள். அடிப்பகுதி தட்டையாக இல்லாமல் கூராக இருந்தாலும் அதே சந்தேகம் வரும். டெஸ்ஸின் ஒரு பிக்சல் வானத்தில் பெரிய இடத்தை அடைக்கும், அதனால் பக்கத்து நட்சத்திரத்தின் ஒளியும் கலந்திருக்கலாம். பத்து 'கண்டுபிடிப்பு'கள் இப்படிக் கையை விட்டுப் போன பிறகும் பதினொன்றாவதைத் திறந்தால், இவளுக்கு இந்த வேலை ஒட்டும்.

சரி, சோறு. ஒளிக்காமல் சொல்கிறேன். இளநிலை, முதுநிலை, முனைவர் பட்டம் என்று பத்தாண்டு ஓடிவிடும். பிறகு இரண்டு மூன்று ஆண்டு ஒப்பந்தங்களில் நாடு விட்டு நாடு போக வேண்டியிருக்கும். முப்பதைத் தாண்டியும் நிரந்தர வேலை இல்லாதவர்கள் நிறைய. முனைவர் படிப்புக்குப் பெரும்பாலும் உதவித்தொகை கிடைக்கும் என்பது ஒரு ஆறுதல். பேராசிரியர் நாற்காலி எல்லோருக்கும் கிடைக்காது. ஆனால் இரைச்சல் நிறைந்த தரவிலிருந்து உண்மையைப் பிரிக்கத் தெரிந்தவருக்கு வங்கியிலும் மருத்துவப் படங்களிலும் செயற்கைக்கோள் நிறுவனங்களிலும் இடம் உண்டு. இந்தத் துறையை விட்டுப் போகிறவர்கள் பட்டினி கிடந்து நான் பார்த்ததில்லை.

அப்பாவிடமும் ஒன்று சொல்லுங்கள். என்னைக் கேட்டால் இயற்பியல் பட்டம், கூடவே கணிதமும் நிரலாக்கமும் என்பேன். பொறியியல்தான் என்று அவர் பிடிவாதமாக இருந்தாலும் கதவு மூடிவிடாது. சிலியின் லா சில்லா ஆய்வகத்தில் 2003 முதல் இயங்கும் ஹார்ப்ஸ் நிறமாலைமானி (முன்பு சொன்ன தள்ளாட்டத்தை அளக்கும் கருவி) வெற்றிடக் கலத்துக்குள் இருக்கிறது; அதன் வெப்பநிலை நூற்றில் ஒரு டிகிரி அளவுக்குக்கூட அசையக்கூடாது. அதைக் கட்டியதில் பொறியாளர்களின் பங்கு பெரிது. கணினிப் பொறியியல் மட்டும் என்றால் இயற்பியல் அடித்தளத்தை அவள் தனியாகப் போட்டுக்கொள்ள வேண்டியிருக்கும். முடியும், ஆனால் கஷ்டம்.

ஒரு மாதம் கழித்து எழுதுங்கள். அல்லது அவளையே எழுதச் சொல்லுங்கள்: எந்தப் பள்ளத்தைக் கோள் இல்லை என்று ஒதுக்கினாள், எதை வைத்து ஒதுக்கினாள் என்று. வரைபடத்தையும் சேர்த்து அனுப்பட்டும்.