இன்டர்ஃபெரான் ஊசி: சிஸ்டர், ஒரு சந்தேகம்

கல்லீரல் வார்டிலும் புற்றுநோய் வார்டிலுமாகப் பல வருஷம் நர்ஸாக இருந்தவள் நான். வீட்டிலேயே இன்டர்ஃபெரான் ஆல்ஃபா ஊசி போட்டுக்கொள்பவர்கள் கேட்டவற்றுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். அளவை மாற்றுவதும் நிறுத்துவதும் உங்கள் டாக்டர் வேலை. அதில் நான் தலையிட மாட்டேன்.

சிஸ்டர், அப்பாவுக்கு ரத்தப் புற்றுநோய், பக்கத்து வீட்டுக்காரருக்கு மஞ்சள் காமாலைக் கிருமி. இரண்டு பேருக்கும் ஒரே ஊசியாமே, அது எப்படி?

இது நம் உடம்பே சுரக்கிற புரதம். 1957இல் லண்டனில் ஐசக்ஸ், லிண்டன்மன் என்ற இருவர் கண்டுபிடித்தார்கள். வைரஸ் நுழைந்த செல், பக்கத்துச் செல்களுக்கு இதை அனுப்பி உஷார்படுத்துகிறது. எதிர்ப்புச் சக்தியைத் தட்டி எழுப்புவதும், செல்கள் பெருகும் வேகத்தைக் குறைப்பதும் இதே புரதம்தான். அதனால்தான் இரண்டு நோய்க்கும் போடுகிறார்கள். அமெரிக்காவில் 1986இல் ஹேரி செல் லுக்கேமியா என்ற ரத்தப் புற்றுநோய்க்குத்தான் முதலில் அனுமதி கிடைத்தது. கல்லீரலைத் தாக்கும் வைரஸ் நோய்களான ஹெப்படைடிஸ் சி, பி எல்லாம் அதற்குப் பிறகு. ஹெப்படைடிஸ் சி-க்கு இப்போது பெரும்பாலும் மாத்திரையே போதும்.

முதல் ஊசி போட்ட ராத்திரியே 102 டிகிரி காய்ச்சல், நடுக்கம். மருந்து ஒத்துக்கொள்ளவில்லையா?

பயப்படாதீர்கள் தம்பி. ஃப்ளூ வந்தால் உடம்பு வலிக்கிறதே, அந்த வலிக்கு உங்கள் உடம்பே சுரக்கும் இன்டர்ஃபெரானும் ஒரு காரணம். இப்போது அதையே ஊசியில் நிறையப் போட்டிருக்கிறீர்கள். சில மணி நேரத்தில் காய்ச்சல் ஏறும், அடுத்த நாள் இறங்கும். படுக்கப் போகும் நேரத்தில் போட்டுக்கொண்டால் மோசமான நேரம் தூக்கத்தோடு போய்விடும். ஊசிக்கு அரை மணி முன்னால் பாராசிட்டமால் போடலாமா, எத்தனை மில்லிகிராம் என்று டாக்டரிடம் கேளுங்கள். கல்லீரல் நோய் இருந்தால் கைக்கு வந்தபடி போடக்கூடாது. தண்ணீர் நிறையக் குடியுங்கள். பலருக்கு இரண்டு மூன்று வாரத்தில் உடம்பு பழகிவிடும்.

ஆனால் ஊசி போடாத நாளில் காய்ச்சல் வந்தாலும், வந்த காய்ச்சல் இறங்காமல் நின்றாலும் கதை வேறு. இந்த மருந்து வெள்ளணுக்களைக் குறைக்கும். கிருமித் தொற்றாக இருக்கலாம். அன்றைக்கே போய்க் காட்டுங்கள். ரத்தப் பரிசோதனைத் தேதியைத் தள்ளிப்போட வேண்டாம் என்று சொல்வதும் இதனால்தான். தைராய்டையும் அவ்வப்போது பார்ப்பார்கள். கண் மங்கினால் கண் டாக்டர்.

அம்மாவுக்கு 3 மில்லியன் யூனிட் என்று எழுதியிருக்கிறது. வீட்டில் இன்சுலின் சிரிஞ்ச் இருக்கிறது, அதில் 3 என்ற கோடு வரை இழுக்கலாமா?

வேண்டவே வேண்டாம்! நல்லவேளை, முதலில் கேட்டீர்கள். 3 மில்லியன் என்றால் 30 லட்சம் யூனிட். சிரிஞ்சில் இருப்பது இன்சுலின் யூனிட். பெயர்தான் ஒன்று, கணக்கு வேறு. ஒரு மில்லிக்கு 6 மில்லியன் உள்ள குப்பியானால் அரை மில்லி எடுக்க வேண்டும். 10 மில்லியன் உள்ளதென்றால் 0.3 மில்லி. 100 யூனிட் இன்சுலின் சிரிஞ்சில் 3-ஆம் கோடு வெறும் 0.03 மில்லி, அதில் அம்மாவுக்கு மருந்தே போகாது. எத்தனை மில்லி என்று டாக்டரையோ மருந்தாளுநரையோ எழுதித் தரச் சொல்லி, அந்தக் காகிதத்தை மருந்துப் பெட்டியிலேயே ஒட்டிவிடுங்கள். வாரம் ஒருமுறை போடும் பெக் இன்டர்ஃபெரானுக்கு அளவு மைக்ரோகிராமில் வரும். இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

கடையில் வேறு கம்பெனி ஊசியைக் கொடுத்து, எல்லாம் ஒன்றுதான் என்கிறார்கள்.

ஒன்றல்ல. டாக்டரிடம் கேட்காமல் மாற்றாதீர்கள்.

ஃபிரிட்ஜில் ஃபிரீசரை ஒட்டி வைத்ததில் உறைந்துவிட்டது. உருக்கிப் போடலாமா?

தூக்கிப் போடுங்கள். 2 முதல் 8 டிகிரி செல்சியஸ்தான் கணக்கு. உறைந்தாலும், பலமாகக் குலுக்கினாலும் புரதம் கெட்டுவிடும். பொடியில் நீர் சேர்க்கிற வகை என்றால் மெல்லச் சுழற்றினால் போதும். கலங்கலாக இருந்தாலோ துகள் மிதந்தாலோ அதுவும் வேண்டாம்.

வாராந்திர பெக் ஊசியை மறந்துவிட்டேன், அடுத்த முறை இரண்டாகப் போடவா?

இரண்டாக ஒருபோதும் கூடாது. பெக் இன்டர்ஃபெரான் ஆல்ஃபா 2ஏ என்றால், இரண்டு நாளுக்குள் ஞாபகம் வந்தால் போட்டுவிட்டு, அடுத்ததை வழக்கமான கிழமையில் போடலாம். அதற்கும் மேல் தாண்டிவிட்டால் டாக்டருக்கு ஃபோன் செய்யுங்கள்.

சிஸ்டர், இதை எப்படிக் கேட்பதென்று தெரியவில்லை. ஊசி ஆரம்பித்து மூன்று மாதம் ஆகிறது. என் கணவர் யாரிடமும் பேசுவதில்லை. பிள்ளைகள் மேல் எரிந்து விழுகிறார். நேற்று தனியாக அழுதுகொண்டிருந்தார். அவர் இப்படிப்பட்டவரே இல்லை.

கேட்டது நல்லதும்மா. அவர் மாறிவிடவில்லை, இது மருந்தின் வேலையாக இருக்கலாம். காய்ச்சலுக்குப் பதறி ஓடி வருகிறவர்கள் இதை மட்டும் வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொள்கிறார்கள், நான் பார்த்தவரை. மனச்சோர்வு இந்த ஊசிக்கு நன்றாகத் தெரிந்த பக்கவிளைவு. ஏற்கெனவே மனச்சோர்வு வந்தவர்களுக்கு ஆபத்து கூடுதல், வராதவர்களுக்கும் வரும். அடுத்த செக்கப் வரை காத்திருக்காதீர்கள். இன்றைக்கே டாக்டரிடம், நீங்களே, அவர் வராவிட்டாலும் சொல்லுங்கள். அளவைக் குறைக்கலாம், மனநல மருந்து சேர்க்கலாம், தேவைப்பட்டால் ஊசியையே நிறுத்தலாம். "நான் இருந்து என்ன பயன்" என்ற மாதிரி ஒரு வார்த்தை வந்தாலும் அவரைத் தனியாக விடாமல் உடனே அவசரப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். ஊசியை நிறுத்திய பிறகும் சில காலம் இது நீடிக்கலாம், கவனமாக இருங்கள். சாவதைப் பற்றி ஏதாவது யோசிக்கிறாரா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது.

ஊசியோடு ரிபாவிரின் மாத்திரையும் சாப்பிடுகிறேன். குழந்தைக்கு முயற்சி செய்யலாமா? நான் ஆண்.

ஆணாக இருந்தாலும் கூடாது. ரிபாவிரின் கருவைப் பாதிக்கும். சிகிச்சை நடக்கும்போதும், முடிந்து குறைந்தது ஆறு மாதமும் தம்பதி இருவரும் கருத்தடையில் கவனமாக இருக்க வேண்டும். மாத்திரை சாப்பிடுவது மனைவி என்றால் இன்னும் அதிக காலம் சொல்வார்கள்.

தொடை சிவந்து தடித்துக் கிடக்கிறது.

ஒரே இடத்தில் குத்துகிறீர்கள் போல. வலது தொடை, இடது தொடை, வயிறு என்று மாற்றிப் போடுங்கள். வயிற்றில் தொப்புளை ஒட்டி வேண்டாம். மருந்தை வெளியே எடுத்து வைத்து, ஜில்லென்று இல்லாமல் ஆனதும் போட்டால் எரிச்சலும் குறையும். சீழ் வைத்தாலோ தோல் கறுத்தாலோ காட்டுங்கள். அப்புறம், போட்ட ஊசிக்கு மூடியைத் திரும்பப் போடாதீர்கள், விரலில்தான் குத்தும். கெட்டியான டப்பாவில் அப்படியே போட்டு, நிரம்பியதும் ஆஸ்பத்திரியில் கொடுங்கள்.