காலண்டர் தாளில் எழுதிய பாட்டு

கேள்வி: எனக்கு 28 வயது, மூன்று பிள்ளைகள். சங்கீதம் படித்ததில்லை. பால் கறக்கும்போது வாயில் வரும் வரிகளைக் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி வைப்பேன். லொரெட்டா லின் என்ற அமெரிக்கப் பாடகியும் பிள்ளைகள் பெற்ற பிறகுதான் பாட்டு எழுத ஆரம்பித்தாராமே, உண்மையா? வீட்டில் "இனிமேல் என்ன பாட்டு?" என்கிறார்கள். ஒருவர் மட்டும் என் ஐந்து பாட்டுக்கு மொத்தமாகப் பணம் தருகிறேன், கையெழுத்துப் போடுங்கள் என்கிறார். போடலாமா?
பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: உண்மைதான் சகோதரி. கையெழுத்து விஷயத்தைக் கடைசியில் பேசுவோம். அதற்கும் லொரெட்டாவின் வாழ்க்கையிலேயே பதில் இருக்கிறது.

கென்டக்கி மாநிலத்து மலைகளுக்கு நடுவே புட்சர் ஹாலோ என்று ஒரு குக்கிராமம். 1932-ல் அங்கே பிறந்தார். அப்பா நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி. எட்டுப் பிள்ளைகளில் இவர் இரண்டாவது. வீட்டுச் சுவரில் அம்மா பழைய பத்திரிகைத் தாள்களை ஒட்டி வைத்திருந்தார். அதில் இருந்த நடிகை லொரெட்டா யங்கின் பெயர்தான் மகளுக்கு. 15 வயதில் கல்யாணம். (பல வருஷம் 13 என்றே சொல்லிவந்தார். ஆவணம் வெளியே வந்து குட்டு உடைந்தபோது அவருக்கு வயது 80. போகட்டும்.) பிறகு கணவரோடு வாஷிங்டன் மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தார். 20 வயதில் கையில் நான்கு பிள்ளைகள்.

வீட்டு வேலைக்கு நடுவே இவர் பாடுவதைக் கேட்ட கணவர் 1953-ல் 17 டாலருக்கு ஒரு கிட்டார் வாங்கிக் கொடுத்தார். அந்த மனிதரை மகான் என்று நினைத்துவிடாதீர்கள். குடி உண்டு, வேறு பெண்களின் சகவாசமும் உண்டு. ஆனால் மேடையேறு என்று பிடித்துத் தள்ளியதும் அவர்தான்.

கிட்டாரைத் தானே தடவித் தடவிக் கற்றுக்கொண்டார். பாட்டு எழுதவும் குரு கிடையாது. பாட்டு வரிகள் அச்சிட்ட ஒரு பத்திரிகை கையில் கிடைத்தது. நம் ஊர்த் திருவிழாக் கடையில் சினிமாப் பாட்டுப் புத்தகம் விற்பார்களே, அந்த மாதிரி. அதைப் புரட்டிப் பார்த்தவருக்கு இவ்வளவுதானா, இதை நானும் எழுதலாமே என்று தோன்றிவிட்டது. மதுக்கடையில் அழுதுகொண்டிருந்த ஒரு பெண்ணை மனதில் வைத்து எழுதிய பாட்டுதான் 1960-ல் முதல் இசைத்தட்டாக வந்தது. பதிவு செய்தபோது அவருக்கு 27 வயது. உங்களைவிட ஒரு வயது சின்னவர், பிள்ளைக் கணக்கில் உங்களைவிட ஒன்று கூட. சின்ன கம்பெனி, விளம்பரத்துக்குக் காசில்லை. புருஷனும் மனைவியும் காரை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போய், வானொலி நிலையம் கண்ட இடத்திலெல்லாம் இறங்கி, தட்டைக் கொடுத்துப் போடச் சொன்னார்கள். சாப்பாடு ரொட்டி, தூக்கம் கார் சீட்டில். அமெரிக்காவின் கிராமத்து இசையான கன்ட்ரி பாடல்களின் தரவரிசையில் அது 14-ஆம் இடம் வரை வந்தது. அதே வருஷம் அக்டோபரில், கன்ட்ரி இசைக்குப் பேர்போன நாஷ்வில் நகரத்தில், கிராண்ட் ஓல் ஆப்ரி என்ற புகழ்பெற்ற வானொலிக் கச்சேரி மேடையில் பாடினார்.

எனக்குப் பிடித்த இடம் இனிமேல்தான் வருகிறது. ஒருநாள் கச்சேரிக்கு முன்னால் ஒரு பெண் மேடைக்குப் பின்புறம் வந்து அழுதாள். தன் கணவன் இன்னொருத்தியைக் கூட்டிக்கொண்டு வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறான் என்றாள். லொரெட்டா திரைச்சீலையை விலக்கி அந்த இன்னொருத்தியை ஒரு பார்வை பார்த்தார். உன் புருஷனைப் பறிக்கும் அளவுக்கு அவளொன்றும் பெரிய ஆளில்லை என்று ஆறுதல் சொன்னார். நேரே உடைமாற்றும் அறைக்குப் போய் அந்தப் பேச்சையே பாட்டாக்கிவிட்டார். 1966-ல் அது இரண்டாம் இடம். குடித்துவிட்டு வராதே என்று கணவனிடம் சொல்லும் அடுத்த பாட்டு 1967-ல் முதலிடம். 1970-ல் சுரங்கத் தொழிலாளியின் மகளாக வளர்ந்ததையே பாடினார். துணி துவைத்துத் துவைத்து ரத்தம் கசியும் அம்மாவின் விரல், குளிர்காலத்துக்கு மட்டும் வாங்கும் செருப்பு, எல்லாம் அதில் இருக்கிறது. அப்பா அதற்குப் பதினோரு வருஷம் முன்பே இறந்துவிட்டார். கருத்தடை மாத்திரை பற்றிய 1975-ஆம் வருஷப் பாட்டைப் பல வானொலிகள் ஒலிபரப்ப மறுத்தன. அப்படியும் ஐந்தாம் இடம்.

உங்கள் காலண்டர் தாள்களில் நிலாவும் தென்றலும் எத்தனை, மாடும் மாமியாரும் எத்தனை என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள். முதல் வகையைப் பெட்டியில் போட்டு மூடுங்கள். லொரெட்டா மாதிரி இரண்டாவது வகையைத் தொடர்ந்து எழுதுங்கள்.

இப்போது கையெழுத்து. நாஷ்வில்லுக்கு வந்த புதிதில் தனக்கு வழிகாட்டிய பாடகர்களான வில்பர்ன் சகோதரர்களின் பாடல் பதிப்பு நிறுவனத்தோடு லொரெட்டா ஒப்பந்தம் போட்டார். உதவினார்கள், மறுப்பதற்கில்லை. ஆனால் பாட்டுகளின் உரிமை அவர்கள் கைக்குப் போயிற்று. பின்னால் பிரிந்து, வழக்கு என்று அலைந்தும், அந்தப் பாட்டுகள் அங்கேயே நின்றன. எழுதினால் அவர்களுக்குத்தானே போகும் என்று அவர் எழுதுவதே குறைந்துபோனது. டென்னஸி மலைக்கிராமத்துக்காரரான இன்னொரு கன்ட்ரி பாடகி டாலி பார்ட்டன் இதில் கெட்டி. அவருடைய பாட்டு ஒன்றைப் பிரபல பாடகர் எல்விஸ் பிரெஸ்லி பாட விரும்பினார்; எல்விஸின் மேலாளர் பதிப்புரிமையில் பாதி கேட்டார். டாலி அழுதாராம், ஆனால் கொடுக்கவில்லை. 1992-ல் பாடகி விட்னி ஹூஸ்டன் அதைப் பாடி 14 வாரம் முதலிடத்தில் நின்றபோது பதிப்புரிமைப் பணம் டாலிக்கு வந்தது.

நம் இந்தியச் சட்டம் உங்கள் பக்கம் கொஞ்சம் சாய்ந்தே இருக்கிறது. 2012-ல் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்திய பிறகு, ஒலிப்பதிவில் வரும் பாட்டுக்கு எழுதியவரின் ராயல்டிப் பங்கை (பாட்டைப் பயன்படுத்துவதற்காக வரும் பணத்தில் அவர் பங்கை) வாங்குகிறவர் எழுதி வாங்கிக்கொள்ள முடியாது. எத்தனை வருஷத்துக்கு என்று ஒப்பந்தத்தில் குறிப்பிடாவிட்டால் ஐந்து வருஷம்தான் செல்லும். அதனால் அவரிடம் மூன்று கேளுங்கள்: எத்தனை வருஷம், எந்தெந்த உபயோகம், உங்கள் பெயர் எங்கே வரும். எழுத்தில் தரட்டும். அந்தத் தாளை ஒரு வக்கீலிடம் காட்டுங்கள். "இன்றைக்கே போட்டால்தான்" என்று அவசரப்படுத்தினால், மாடு கறக்கும் நேரமாகிவிட்டது என்று சொல்லி எழுந்துவிடுங்கள்.