கதவைத் திறக்கும் அதிகாரம் யாருக்கு? ஆர்எஸ்பிசிஏ பற்றிய கேள்வி பதில்

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இயங்கும் விலங்கு வதைத் தடுப்புச் சங்கமான ஆர்எஸ்பிசிஏ பற்றி வந்த கேள்விகள்.

கேள்வி: இதை விக்டோரியா மகாராணிதான் தொடங்கினாரா?

இல்லை. 1840இல் 'ராயல்' பட்டத்தைத் தந்தவர் அவர். சங்கம் பிறந்தது 1824 ஜூன் 16 அன்று, லண்டன் காபிக் கடை ஒன்றில். கூட்டியவர் ஆர்தர் புரூம் என்ற பாதிரியார். நாடாளுமன்ற உறுப்பினர் ரிச்சர்ட் மார்ட்டின் 1822இலேயே கால்நடை வதைக்கு எதிராகச் சட்டம் கொண்டுவந்துவிட்டார். ஆனால் அடித்தவனைப் பிடித்து நீதிமன்றத்தில் நிறுத்த ஆளில்லை. அதற்காகத்தான் சங்கம். சம்பளத்துக்கு ஆள் வைத்து ஸ்மித்ஃபீல்டு மாட்டுச் சந்தையைக் கண்காணித்தார்கள். சங்கத்துக்குக் கடன் ஏறி, 1826இல் புரூம் கடனாளிச் சிறைக்குப் போனார். மார்ட்டின் சட்டத்தில் காளைக்கு இடமில்லை. காளைமீது நாய்களை ஏவிவிடும் கேளிக்கை 1835இல்தான் தடையானது.

கேள்வி: பக்கத்து வீட்டு நாய் தோட்டத்தில் கட்டியே கிடக்கிறது, எலும்பு தெரிகிறது. இவர்கள் உள்ளே போய் மீட்பார்களா?

அவர்களாக உள்ளே நுழைய முடியாது. 2006 விலங்கு நலச் சட்டம் அந்த அதிகாரத்தைப் போலீசுக்கும், உள்ளாட்சி அல்லது அரசு நியமித்த ஆய்வாளருக்கும்தான் தருகிறது. அவர்களுக்கும் குடியிருக்கும் பகுதிக்குள் போக வாரண்ட் வேண்டும். வீட்டைச் சேர்ந்த தோட்டமும் கொட்டகையும் அதில் அடங்கும். விலங்கு வதைபடுகிறது, அல்லது இப்படியே விட்டால் வதைபடும் என்று கால்நடை மருத்துவர் சான்று தந்தால் போலீசோ அந்த ஆய்வாளரோ கைப்பற்றலாம். காத்திருக்க நேரமில்லாத நிலை என்றால் சான்று இல்லாமலும் எடுக்கலாம். மருத்துவரை அழைத்துவருவது, விலங்கை வைத்துப் பராமரிப்பது, சாட்சியம் திரட்டுவது எல்லாம் பெரும்பாலும் ஆர்எஸ்பிசிஏவின் வேலை.

"நாய் பாவம்" என்று மட்டும் புகார் சொன்னால் நகராது. முகவரி, பார்த்த தேதி, நேரம், தண்ணீர்க் கிண்ணம் இருந்ததா, நிழல் இருந்ததா, சங்கிலி எவ்வளவு நீளம் என்று எழுதிவையுங்கள். உங்கள் பக்கத்திலிருந்தே படம் எடுங்கள். வேலி தாண்டி நாயைத் தூக்காதீர்கள்: திருட்டு வழக்கு உங்கள்மீது வரலாம், சாட்சியமும் பாழாகலாம்.

கேள்வி: அதிகாரம் இல்லை என்கிறீர்கள். சீருடை போட்டு 'இன்ஸ்பெக்டர்' என்று வருகிறார்கள், வழக்கும் போடுகிறார்களே?

'இன்ஸ்பெக்டர்' என்பது சங்கம் தரும் பதவிப் பெயர். வழக்குப் போடுவது வேறு விஷயம்: 1985 குற்ற வழக்குச் சட்டத்தின் 6ஆம் பிரிவுப்படி எந்தக் குடிமகனும் தனியார் வழக்குத் தொடரலாம். சங்கம் செய்வதும் அதைத்தான்.

கேள்வி: அப்படியானால் ஒரு தொண்டு நிறுவனம் நினைத்தால் யாரையும் சிறைக்கு அனுப்பலாமா? இது அநியாயம்.

தண்டிப்பது நீதிமன்றம். அரசு வழக்குத் துறையின் தலைவர் தனியார் வழக்கைத் தன் கையில் எடுத்து நிறுத்தவும் முடியும். கீழ் நீதிமன்றம் மட்டுமே விசாரிக்கும் குற்றங்களுக்குக் காலக்கெடுவும் உண்டு: போதிய சாட்சியம் தெரியவந்து 6 மாதத்துக்குள், குற்றம் நடந்து 3 ஆண்டுக்குள். தண்டனை கூடியது உண்மை. 6 மாதமாக இருந்த உச்சத் தண்டனை 2021 ஜூன் 29 முதல் 5 ஆண்டு. பற்கள் நொறுங்க நாயை அடித்தவனுக்கு 6 மாதம் என்பதுதான் என் கண்ணில் அநியாயம்.

கேள்வி: எங்கள் வீட்டுக்கு வந்தால் பூனையை எடுத்துக்கொண்டு போய்விடுவார்களா?

மேலே சொல்லியாயிற்று: போலீசோ, உள்ளாட்சி அல்லது அரசு ஆய்வாளரோ இல்லாமல் முடியாது. ஒப்படைப்புத் தாளில் கையெழுத்துக் கேட்டால் முழுதும் வாசித்துவிட்டுப் போடுங்கள்; போட்டால் உரிமை போய்விடும்.

கேள்வி: கிளாஸ்கோவில் இருக்கிறோம், யாரிடம் சொல்வது?

ஸ்காட்டிஷ் எஸ்பிசிஏவிடம். அது தனி அமைப்பு.

கேள்வி: புல்தரையில் பறவைக் குஞ்சு கிடக்கிறது. எடுத்து வளர்க்கலாமா?

இறகு முளைத்திருந்தால் தூக்காதீர்கள். பறக்கப் பழகும் சில நாள் அது தரையில்தான் இருக்கும், தாய் தந்தை இரை கொடுக்கும். பூனையை உள்ளே அடையுங்கள். இறகில்லாத குஞ்சு என்றால் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.

கேள்வி: முள்ளெலிக்குப் பால் வைக்கலாமா?

கூடாது. வயிற்றுப்போக்கு வரும். தண்ணீரும் இறைச்சி கலந்த பூனை உணவும் வையுங்கள். பகலில் வெளியே தள்ளாடினால் அநேகமாக நோய். அதை மட்டும் கையுறை போட்டு எடுத்து, துணி விரித்த அட்டைப்பெட்டியில் வைத்துவிட்டு ஆர்எஸ்பிசிஏவை அழையுங்கள்.

கேள்வி: சூப்பர்மார்க்கெட் வாசலில் பூட்டிய காருக்குள் நாய். ஆர்எஸ்பிசிஏவை அழைக்கவா?

முதலில் 999, போலீஸ். வெளியே 22 பாகை என்றாலும் காருக்குள் ஒரு மணி நேரத்தில் 47 ஆகலாம். இன்ஸ்பெக்டர் வந்துசேரும்வரை நாய் தாங்காது.