மூடுலில் வினாடி வினா: ஆளுக்கொரு கேள்வித்தாள் வர வைப்பது எப்படி?

மூடுல் (Moodle) என்பது இணையவழிப் பாடங்களை நடத்த உதவும் மென்பொருள். அதில் தேர்வு வைக்க, முதலில் வினாடி வினாவைத் தொடாதீர்கள். கேள்வி வங்கிக்குப் போங்கள். பாடவாரியாகப் பிரிவுகள் போட்டு, ஒவ்வொன்றிலும் 20 கேள்விகளாவது சேருங்கள். பிறகு வினாடி வினாவில் ரேண்டம் கேள்விகளைச் சேர்த்து, பிரிவுக்கு 5 என்று கொடுத்தால் போதும், ஆளுக்கு ஆள் கேள்விகள் மாறிவிடும். விடைகளின் வரிசையையும் கலைக்கலாம். ஆனால் ‘மேற்கண்ட அனைத்தும்’ என்ற விடை அப்போது சிலருக்கு முதல் இடத்துக்கே வந்து அபத்தமாக நிற்கும். அதை எழுதவே வேண்டாம்.

நேரக்கெடுவில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. பயிற்சித் தேர்வுதானே, பலமுறை எழுத விடுங்கள். அதிகபட்சம், சராசரி, முதல், கடைசி என எந்த மதிப்பெண்ணை எடுப்பது என்பதை நீங்களே தீர்மானிக்கலாம்.

தவறான விடை ஒவ்வொன்றுக்கும் ஏன் தவறு என்று பின்னூட்டப் பெட்டியில் ஒரு வரி எழுதுங்கள். மறுபார்வை அமைப்பில் அதை டிக் செய்தால்தான் கற்பவர் கண்ணில் படும்.