ஏலத்தில் ஜெயித்தவர் பணம் கட்டவில்லை. சரி, மச்சான் ஏன் ஏலம் கேட்டார்?

கேள்வி: அப்பா காலமான பிறகு அவருடைய பழைய நோட்டு ஆல்பத்தை முகநூல் ஏலக் குழு ஒன்றில் போட்டேன். 1961 எருமை நோட்டு, ஜப்பான்காரன் காலத்து வாழைமர நோட்டு, ஜார்ஜ் மன்னர் படம் போட்ட நோட்டு எல்லாம் அதில் இருந்தன. பட்டர்வொர்த்காரர் ஒருவர் 6,800 வெள்ளிக்கு (ரிங்கிட்) ஜெயித்தார். மூன்று நாளில் பணம் கட்ட வேண்டும் என்பது குழு விதி. நாளைக்கு, நாளைக்கு என்றார். மனைவிக்கு உடம்பு சரியில்லை என்றார். அப்புறம் என்னை பிளாக் செய்துவிட்டார். ஐந்தாம் நாள், 4,900 வரை கேட்டிருந்த ஈப்போக்காரருக்கு அதே விலைக்குக் கொடுத்துவிட்டேன். 1,900 வெள்ளி நஷ்டம். (ஏலம் 5,100இல் நின்றுபோனதால் சூடேற்ற என் மச்சானும் இரண்டு தடவை விலை சொன்னார். ஆனால் அவர் ஜெயிக்கவில்லை.) கோபத்தில் குழு அட்மினிடம் அந்த ஆளின் ஐ.சி. (அடையாள அட்டை) படத்தை வாங்கி, 'ஸ்கேமர், ஜாக்கிரதை' என்று மூன்று குழுக்களில் போட்டேன். இப்போது அவரே லோயர் லெட்டர் அனுப்புவேன் என்கிறார். 6,800 வெள்ளிக்கும் மன உளைச்சலுக்கும் நான் வழக்குப் போட முடியுமா? அவர் ஈப்போக்காரரிடம் போய் ஆல்பத்தைக் கேட்க முடியுமா? – பெயர் வேண்டாம், செந்தூல்.

பதில்: நீங்கள் அனுப்பியது நீண்ட கடிதம். பாதிக்கு மேல் அப்பாவைப் பற்றியது, மீதியில் பெரும்பகுதி பட்டர்வொர்த்காரரின் குணத்தைப் பற்றியது. இரண்டையும் சுருக்கிவிட்டேன், மன்னிக்கவும். நீதிமன்றத்தில் எடுபடப் போகிற விஷயத்தை நீங்கள் அடைப்புக்குறிக்குள் போட்டிருக்கிறீர்கள். மச்சான் இரண்டு தடவை விலை சொன்னார் என்பதுதான் அது.

மலேசியாவின் 1957ஆம் ஆண்டு பொருள் விற்பனைச் சட்டத்தின் 64ஆம் பிரிவு ஏல விற்பனையைப் பற்றிச் சொல்கிறது. விற்கிறவர் தானும் ஏலம் கேட்கலாம், தன் சார்பில் வேறு ஆளை வைத்தும் கேட்கலாம். ஆனால் அந்த உரிமை தனக்கு உண்டு என்று முன்கூட்டியே அறிவித்திருக்க வேண்டும். அறிவிக்காமல் ஆள் வைத்துக் கேட்டால், அந்த விற்பனையை மோசடியாகக் கருத வாங்குபவருக்கு உரிமை இருக்கிறது. விலையை ஏற்றுவதற்காகப் பொய்யாக ஏலம் கேட்டிருந்தால், விற்பனையை ரத்து செய்வதா வேண்டாமா என்பதும் அவர் விருப்பம். மச்சான் ஜெயிக்கவில்லையே என்கிறீர்கள். இப்படிக் கேட்கிறவர் ஜெயிப்பதற்காகக் கேட்பதில்லை. நீதிபதிக்கும் அது தெரியும்.

முகநூலில் நேரம் முடிந்ததும் மூடுகிற விற்பனை, சுத்தியல் தட்டுகிற ஏலத்தோடு ஒன்றா என்று வாதாடலாம். வாதாடிப் பயனில்லை. 64ஆம் பிரிவை விட்டுவிட்டால் 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 17, 19ஆம் பிரிவுகள் வந்து நிற்கும். ஏமாற்றிப் பெற்ற சம்மதத்தை, ஏமாந்தவர் ரத்து செய்யலாம். சுற்றி வந்தாலும் அதே இடம்தான்.

இப்போது நீங்கள் அனுப்பிய ஏலப் பட்டியலைப் பார்ப்போம். ஈப்போக்காரர் 4,900. பட்டர்வொர்த்காரர் 5,100. மச்சான் 5,500. பட்டர்வொர்த் 5,800. மச்சான் 6,500. பட்டர்வொர்த் 6,800. மச்சானை எடுத்துவிட்டால் ஏலம் 5,100இல் முடிந்திருக்கும். நீங்கள் விற்றது 4,900க்கு. நீங்கள் 1,900 என்று சொல்கிற நஷ்டம் உண்மையில் 200 வெள்ளி. அதற்கு மேலே உள்ளது மச்சான் காற்றில் கட்டிய விலை.

முழு 6,800ஐக் கேட்கவே முடியாது. ஆல்பத்தை வேறு ஒருவருக்கு விற்றுவிட்டு அதன் விலையையும் இவரிடம் கேட்டால் இரண்டு விலை வாங்குகிற கணக்காகிவிடும். மன உளைச்சலுக்கு, இந்த மாதிரி ஒரு விற்பனை ஒப்பந்தம் முறிந்ததற்கு நீதிமன்றம் பணம் கொடுப்பதில்லை. அவர் மனைவிக்கு உண்மையிலேயே உடம்பு சரியில்லையா என்பதும் வழக்குக்கு வேண்டாத விஷயம். பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்குப் போகலாமா என்றும் எழுதியிருந்தீர்கள். அது வாங்குகிறவருக்கு, விற்கிறவருக்கு அங்கே இடமில்லை. மிச்சமிருப்பது மேஜிஸ்திரேட் நீதிமன்றத்தின் சிறு கோரிக்கை முறை. 5,000 வெள்ளி வரை, லோயர் இல்லாமல் நீங்களே 198ஆம் பாரத்தை (படிவத்தை) நிரப்பிப் போடலாம். அதெல்லாம் உங்களுக்குத் தெரிந்தே இருக்கும். 200 வெள்ளிக்காகச் செந்தூலுக்கும் பட்டர்வொர்த்துக்கும் நடுவே ஒரு வழக்கை நடத்துவது உங்கள் விருப்பம். நான் நடத்த மாட்டேன்.

நீங்கள் மூன்று குழுக்களில் போட்ட பதிவைப் பற்றித்தான் எனக்குக் கவலை. என்னிடம் வருகிறவர்கள் விழுகிற குழி இதுதான். பணம் வராததால் யாரும் பெரிதாகக் கெட்டுப்போனதில்லை. பணம் வராத கோபத்தில் எழுதியதால் கெட்டுப்போனவர்களைப் பார்த்திருக்கிறேன்.

'இவர் ஏலத்தில் ஜெயித்துவிட்டு மூன்று நாளில் பணம் கட்டவில்லை' என்று எழுதியிருந்தால், அது நடந்த விஷயம். ஆதாரம் உங்கள் கைப்பேசியிலேயே இருக்கிறது. நீங்கள் எழுதியது 'ஸ்கேமர்'. அது ஒரு குற்றத்தைச் செய்தவர் என்று சொல்வதற்குச் சமம். குற்றவியல் சட்டத்தின்படி ஏமாற்றுதல் என்றால், ஆரம்பத்திலிருந்தே கெட்ட எண்ணம் இருந்ததாகக் காட்ட வேண்டும். ஜெயித்த பிறகு மனம் மாறினவர், காசு இல்லாமல் போனவர், மனைவியின் திட்டு வாங்கினவர் எல்லாம் அதில் வரமாட்டார்கள். அவதூறு வழக்கில், சொன்னது உண்மைதான் என்று நிரூபிக்கும் பொறுப்பு சொன்னவர் தலையில்தான் விழும். எழுத்தில் வந்த அவதூறுக்கு, தனக்கு இவ்வளவு நஷ்டம் என்று அவர் கணக்குக் காட்ட வேண்டிய அவசியம்கூட இல்லை. அவர் உங்களிடமிருந்து ஒரு சல்லிக்காசும் வாங்கவில்லை என்பதையும் யோசியுங்கள். பொருளும் உங்களிடம், பணமும் அவரிடம் இருந்தபோது 'இவர் என்னை ஏமாற்றிப் பறித்தார்' என்று எப்படிச் சொல்லப் போகிறீர்கள்?

ஐ.சி. படம் இன்னும் மோசம். குழுவில் சேருவதற்காக அவர் அட்மினிடம் கொடுத்தது அது. ஊருக்குக் காட்டுவதற்காகக் கொடுக்கவில்லை. நீங்கள் அப்பாவின் ஆல்பத்தை ஒரே ஒரு தடவை விற்றவராக இருக்கலாம். அட்மின் அப்படி இல்லை. ஏலம் நடத்திக் கமிஷன் எடுக்கிறவர் என்றால், 2010ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அவர் கழுத்துக்கு வரும். அப்போது 'படம் கேட்டு வாங்கியது இவர்தான்' என்று உங்களைத்தான் கைகாட்டுவார். நண்பராகவே இருந்தாலும் காட்டுவார். இதோடு, இணையத்தில் பிறரைத் தொல்லைப்படுத்தும் நோக்கத்தோடு பதிவு போடுவதைத் தொடர்பு, பல்லூடகச் சட்டம் 1998இன் 233ஆம் பிரிவு குற்றமாக்குகிறது. பட்டர்வொர்த்காரர் அதைக் காட்டி ஒரு போலீஸ் ரிப்போர்ட் போட்டால், விளக்கம் சொல்ல நீங்கள்தான் போய் உட்கார வேண்டும்.

என் கட்சிக்காரர் ஒருவர் பழைய கைக்கடிகாரம் விற்றார். ஜெயித்தவர் காணாமல் போனார். இவர் பெயரைத் தேடி, முகத்தைத் தேடி, வேலை செய்கிற இடம்வரை கண்டுபிடித்துப் போட்டார். ஆள் வேறு. பெயர் ஒன்று, படமும் கொஞ்சம் ஒத்துப்போனது, அவ்வளவுதான். வேலையிடத்தில் தலைகுனிந்த அந்த மனிதர் கொஞ்சமும் இறங்கி வரவில்லை. கடைசியில் மன்னிப்புப் பதிவும் போட்டு, கடிகாரத்தின் விலையைவிடப் பெரிய தொகையும் கட்டி முடித்தோம். உங்கள் விஷயத்தில் ஆள் சரியான ஆள்தான். அதில் நிம்மதி தேடாதீர்கள், ஏனென்றால் சரியான ஆள் தன் லோயரிடம் போனதும் கேட்கப் போகிற முதல் கேள்வி, 'ஏலப் பட்டியல் இருக்கிறதா?' என்பதுதான்.

பட்டியல் கையில் வந்தால் மச்சானைக் கண்டுபிடிக்க ஐந்து நிமிடம் போதும். அவர் முகநூல் பக்கத்தில் உங்கள் தங்கை கல்யாணப் படம் இருக்கும். நீங்கள் பத்துமலையில் சேர்ந்து எடுத்த படம் இருக்கும். 'மச்சான்' என்று நீங்களே கீழே எழுதியிருப்பீர்கள். அப்புறம் கதை திரும்பிவிடும். 'ஸ்கேமர்' என்று சொன்னவர் தானே ஆள் வைத்து விலையேற்றியவர் என்று உங்கள்மேல் வரும் அவதூறு வழக்கில் எதிர்த்தரப்பு எழுந்து சொல்லும். உங்களுக்கிருந்த ஒரே பலம், அவர் வாக்குத் தவறினார் என்பது. அதுவும் போய்விடும். செல்லாத விற்பனைக்குப் பணம் கட்டாதது வாக்குத் தவறியது ஆகாது என்பார்கள்.

இந்த இடத்தில் ஆட்கள் செய்கிற அடுத்த முட்டாள்தனம், மச்சானிடம் கணக்கையே அழித்துவிடச் சொல்வது. செய்யாதீர்கள். வழக்கு வரும் என்று தெரிந்து ஆதாரத்தை அழிப்பது குற்றவியல் சட்டத்தின் 204ஆம் பிரிவில் தனிக் குற்றம். இதுவரை இருப்பது பணத் தகராறு. அழித்தால் வேறு மாதிரி தகராறு. பதிவுகளை மட்டும் இன்றைக்கே மூன்று குழுக்களிலிருந்தும் நீக்குங்கள். நீக்குவதற்கு முன்பு, வந்த கருத்துகளோடு சேர்த்து ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். யார் எத்தனை பேர் பார்த்தார்கள் என்று பின்னால் வாதம் வரும்போது தேவைப்படும்.

மறுவிற்பனையைப் பற்றி. மச்சான் விவகாரமே இல்லாதிருந்தாலும் நீங்கள் ஒரு படியைத் தாண்டிவிட்டீர்கள். பொருள் விற்பனைச் சட்டத்தின் 54ஆம் பிரிவுப்படி, பணம் வராத விற்பனையாளர் 'பணம் கட்டாவிட்டால் இன்னொருவருக்கு விற்கப் போகிறேன்' என்று வாங்கினவருக்குத் தெரிவித்துவிட்டு, நியாயமான அவகாசம் கொடுத்து விற்றால்தான் விலை வித்தியாசத்தைக் கேட்க முடியும். தெரிவிக்காமல் விற்றால் நஷ்டம் உங்களுடையது. லாபம் வந்தால் அது அவருடையது, பலருக்கு இது தெரியாது. பிளாக் செய்துவிட்டாரே என்பது சரியான காரணம் இல்லை. மின்னஞ்சல், குறுஞ்செய்தி, குழு அட்மின் வழியாக ஒரு வரி, ஏதோ ஒன்று. ஏலப் பதிவிலேயே 'மூன்று நாளில் கட்டாவிட்டால் அடுத்தவருக்குக் கொடுக்கப்படும்' என்று எழுதியிருந்தால் தப்பிக்க ஒரு வழி உண்டு. அது மறுவிற்பனை உரிமையை முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொண்டதாகக் கருதப்படும். உங்கள் பதிவில் அந்த வரி இல்லை. குழு விதியில் கெடு மட்டும்தான் இருக்கிறது, கெடு தாண்டினால் என்ன ஆகும் என்று இல்லை.

ஆகவே வழக்கு வேண்டாம், சமாதானமாகப் போய்விடுங்கள். லோயர் லெட்டர் வந்த பிறகு போனால் அவருடைய லோயர் செலவையும் சேர்த்துக் கேட்பார்கள். இந்த வாரமே பட்டர்வொர்த்காரருக்கு ஒரு செய்தி அனுப்புங்கள். 'உரிமைகளுக்குப் பாதகமின்றி' (ஆங்கிலத்தில் 'without prejudice') என்று மேலே போட்டு, பதிவுகளை நீக்கிவிட்டீர்கள், ஐ.சி. படத்தைப் பகிர்ந்ததற்கு வருந்துகிறீர்கள், ஏலம் இருவர் சம்மதத்தோடும் ரத்து, இனி ஒருவர்மேல் ஒருவருக்குக் கோரிக்கை இல்லை என்று நான்கு வரி. அப்பா, மரியாதை, தூக்கம் எதுவும் அதில் வரக்கூடாது. 200 வெள்ளியையும் கேட்காதீர்கள். அவர் சம்மதம் என்று எழுத்தில் பதில் போட்டால் அதைப் பத்திரப்படுத்துங்கள். மச்சானைப் பற்றி நீங்களாக எதுவும் எழுத வேண்டாம். ஆனால் பட்டர்வொர்த்காரர் நேரடியாகக் கேட்டால் பொய் சொல்ல வேண்டாம். பொய் ஸ்கிரீன்ஷாட்டாகப் போய்ச் சேர்ந்தால் நான்கு வரியும் வீண்.

அவர் உடனே ஒத்துக்கொள்ளாமல் சின்னதாக ஒரு தொகை கேட்டால் கோபப்படாமல் என்னிடம் அல்லது வேறு யாராவது லோயரிடம் கொண்டு வாருங்கள். லெட்டர் வந்துவிட்டாலும் அப்படியே. அதற்குக் குழுவில் பதில் எழுதாதீர்கள். மலாயில் வந்தாலும் ஆங்கிலத்தில் வந்தாலும் அதில் கொடுத்திருக்கிற கெடு தேதியைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

மிச்ச ஆல்பங்களையும் விற்கப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் ஏலம் கேட்கும் முன்பே முன்பணம் வாங்குங்கள். நியாயமான அளவில் இருக்கிற முன்பணத்தை, வாங்குபவர் தவறும்போது எடுத்துக்கொள்ளலாம் என்பதைக் கூட்டரசு நீதிமன்றம் கியூபிக் எலக்ட்ரோனிக்ஸ் வழக்கில் ஏற்றுக்கொண்டது. நியாயமான அளவு என்பது பத்தில் ஒன்று மாதிரி, பாதி விலை இல்லை. மச்சானை அன்றைக்கு வேறு வேலைக்கு அனுப்பிவிடுங்கள்.

ஈப்போக்காரரைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஆல்பம் அவருடையதுதான். நீங்கள் முன்கூட்டித் தெரிவிக்காமல் விற்றிருந்தாலும்கூட, மறுவிற்பனையில் வாங்கினவருக்கு முதல் வாங்குபவரைவிட நல்ல உரிமை உண்டு என்று 54ஆம் பிரிவே சொல்கிறது. அவர் 4,900 சொல்லும்வரை மச்சான் வாயைத் திறக்கவில்லை என்பதும் பட்டியலில் தெரிகிறது, அதனால் அவருக்கும் உங்கள்மேல் புகார் சொல்ல ஒன்றும் இல்லை. பணம் வாங்கிய ரசீதை மட்டும் அவருக்கு அனுப்பிவிடுங்கள், இதுவரை அனுப்பவில்லை என்றால்.