மொட்டை மாடியில் ஒரு காது

கேள்வி: பழைய டிடிஎச் டிஷ் ஒன்று சும்மா கிடக்கிறது. அதை வைத்து வேற்றுக்கிரக ரேடியோ சிக்னலைத் தேடலாமா? (வாசகர், தேனி)

பதில்: அது போதாது. டிடிஎச் அலையின் நீளம் இரண்டரை செ.மீ. நீங்கள் கேட்கப்போவது, வேற்றுக்கிரகவாசிகளும் தேர்ந்தெடுக்கலாம் என்று தேடுபவர்கள் கருதும் ஹைட்ரஜனின் 1420.4 மெகாஹெர்ட்ஸ்; அதன் அலைநீளம் 21 செ.மீ. 60 செ.மீ. தட்டு அதில் மூன்று அலைக்குக்கூடத் தேறாது. கேபிள் டிவிக்காரர்கள் கழற்றிப் போட்ட 8 அடி வலை டிஷ் பழைய இரும்புக் கடையில் கிடைத்தால் விடாதீர்கள். வலைக்கண் 2 செ.மீ.க்குள் இருந்தால் துரு, சின்ன ஓட்டையெல்லாம் பரவாயில்லை.

எல்என்பி (டிஷ் குவிக்கும் அலையை வாங்கும் சின்னப் பெட்டி) இருந்த இடத்தில் ஒரு பக்கம் மூடிய தகர டப்பா வரவேண்டும்: விட்டம் 15, நீளம் 28 செ.மீ. மூடிய பக்கத்திலிருந்து 9.3 செ.மீ. தள்ளித் துளையிட்டு என்-டைப் கனெக்டரை (கேபிளைச் செருகும் முனை) பொருத்துங்கள். அதன் நடு ஊசியில் 5 செ.மீ. செம்புக் கம்பியைப் பற்றவைத்து டப்பாவுக்குள் நீட்டிக்கொண்டிருக்க விடுங்கள். விட்டம் 12.4 செ.மீ.க்குக் கீழே போனால் அலை உள்ளே நுழையாது, 16.2ஐத் தாண்டினால் வேண்டாத அலைவடிவமும் சேர்ந்துகொள்ளும். டப்பா மாறினால் அந்த 9.3-உம் மாறும்.

ஹைட்ரஜன் ஃபில்டருள்ள எல்என்ஏவை (இரைச்சல் குறைந்த சிக்னல் பெருக்கி) டப்பாவை ஒட்டியே வையுங்கள். கீழே அறையில் வைத்தால், 10 மீட்டர் ஆர்ஜி-58 கேபிளிலேயே சிக்னலில் முக்கால் பங்கு கரைந்துவிடும். ஆர்டிஎல்-எஸ்டிஆர் டாங்கிளை (கணினியின் யுஎஸ்பியில் செருகும் ரேடியோ ரிசீவர்) 1419.9க்கு டியூன் செய்யுங்கள், சரியாக 1420.4இல் வைத்தால் டாங்கிள் தானே நடுவில் போடும் முள் போன்ற போலிக் கோடு சிக்னலை மறைத்துவிடும். ஜூலையில் இரவு பத்து மணிக்குத் தெற்கே தனுசுவைப் பார்க்கத் திருப்பி, ஐந்து நிமிடச் சராசரி எடுங்கள். பால்வீதியின் ஹைட்ரஜன் அகலமான மேடாக எழும். எழவில்லையா? டிஷ்ஷைச் சுவர்ப் பக்கம் திருப்புங்கள், இரைச்சல் நன்றாகக் கூட வேண்டும். கூடாவிட்டால் பெரும்பாலும் எல்என்ஏவுக்கு மின்சாரம் தரும் பயாஸ்-டீயை இயக்க மறந்திருப்பீர்கள்.

கேள்வி: மூன்று இரவாக ஒரே இடத்தில் மெல்லிய கோடு தெரிகிறது. எப்படி நம்புவது? (வாசகர், ஈரோடு)

பதில்: முதலில் நம்பாதீர்கள். ஆன்டெனாவைக் கழற்றி 50 ஓம் டெர்மினேட்டரை (வெளிச் சிக்னல் நுழையாத மூடி) செருகுங்கள். கோடு அப்படியே நின்றால் அது உங்கள் வீட்டுச் சரக்கு. டாங்கிளுக்குத் துடிப்புத் தரும் 28.8 மெகாஹெர்ட்ஸ் படிகமே 1411.2-இலும் 1440-இலும் கோடு போடும். அடுத்த சந்தேகம் லேப்டாப் சார்ஜர், எல்இடி விளக்கு.

மறைந்துவிட்டால் கடிகாரத்தைப் பாருங்கள். அசையாத 8 அடி டிஷ்ஷில் ஒரு விண்மீன் சுமார் 25 நிமிடத்தில் ஏறி இறங்கிவிடும். மறுநாள் நான்கு நிமிடம் முன்னதாக வரும். தினமும் ஒன்பதரைக்கே டாணென்று வந்தால் அது பக்கத்து வீட்டு மோட்டார். பூமி சுழல்வதால் வானத்துச் சிக்னலின் அலைவரிசை வினாடிக்கு அதிகபட்சம் 0.16 ஹெர்ட்ஸ் வரை கீழே சரியும். மாடிக் காற்றில் படிகம் குளிர்ந்தாலும் இதேபோலச் சரியும். அதனால் அரை மணி நேரம் சூடாக ஓடவிட்ட பிறகே அளக்கவும்.

பெரிய தொலைநோக்கிகளே ஏமாந்ததுண்டு. 2019இல் ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் தொலைநோக்கி பிராக்சிமா சென்டாரி விண்மீன் திசையில் 982 மெகாஹெர்ட்ஸில் பிடித்த கோடு, அலைவரிசையில் அழகாக நகர்ந்தும் காட்டியது. அதே சாயலில் வேறு பல அலைவரிசைகளிலும் கோடுகள் சிக்கியதும் பூமியின் மின்னணுக் கருவிதான் காரணம் என்று 2021இல் முடிவானது. அமெரிக்காவின் 'பிக் இயர்' தொலைநோக்கி பிடித்த 1977இன் 'வாவ்' சிக்னல் மட்டும் 72 வினாடி முறையாக ஏறி இறங்கியது. ஆனால் திரும்ப வரவே இல்லை.

கேள்வி: உண்மையிலேயே ஏதாவது கேட்குமா? (வாசகி, யாழ்ப்பாணம்)

பதில்: போர்ட்டோ ரிக்கோவில் இருந்த அரெசிபோ தொலைநோக்கியின் ராடார் ஒரு திசையில் குவித்த வீச்சு 20 லட்சம் கோடி வாட்டுக்குச் சமம். அப்படியொரு கருவி நம்மைக் குறிவைத்தாலும், 8 அடி டிஷ், 1 ஹெர்ட்ஸ் அகலம், ஒரு வினாடிக் கேட்பு என்றால் இரண்டு ஒளியாண்டுக்குக்கூட எட்டாது. மிக அருகிலுள்ள விண்மீனே 4.2 ஒளியாண்டு. நேரத்தைக் கூட்டினால் எட்டும் தூரமும் கூடும், ஆனால் பதிவு மணிக்கு 17 ஜிபி வீதம் வட்டை நிரப்பும்.

கேள்வி: 'செட்டி அட் ஹோம்' இன்னும் இருக்கிறதா? (வாசகர், சேலம்)

பதில்: வேற்றுக்கிரக சிக்னலைத் தேட ரேடியோ பதிவுகளைத் துண்டு துண்டாக வீட்டுக் கணினிகளுக்கு அனுப்பிய திட்டம் அது. 2020 மார்ச் 31-உடன் புதிய வேலைத் துண்டுகள் அனுப்புவது நின்றது. இப்போது அதே தேடலுக்கான 'பிரேக்த்ரூ லிசன்' திட்டத்தின் பதிவுகள் இலவசமாகவே கிடைக்கின்றன. 'டர்போசெட்டி' என்ற பைத்தான் நிரல் அவற்றில் சரியும் கோடுகளைத் தேடித் தரும். எடுத்த எடுப்பில் பெரிய கோப்பில் கை வைக்காதீர்கள். பயிற்சிக்கென்றே வாயேஜர்-1 விண்கலத்தின் பதிவு உண்டு. 8420 மெகாஹெர்ட்ஸ் அருகே நடுவில் பளிச்சென்று ஒரு கோடு, இரு பக்கமும் மங்கலாக ஒவ்வொன்று. அது உங்கள் திரையில் வந்த பிறகு மற்றதைப் பாருங்கள்.